முனியாண்டிக்கு எந்த நாட்டு ஆடு

தம்பிகளா,

பாசார் மார்க்கெட்டுல கறிக்கடை போட்டிருக்கிற உங்களுக்குத்தான் இத எழுதுறேன். கத்தி பிடிக்கிறதப் பத்தி எழுத மாட்டேன். அது தானா வரும். வரலைன்னா விரல் ஒண்ணு போகும், அப்புறம் வரும்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் போனவன். எழுத்து சுமார்தான். ஆனா போன வாரம் டீக்கடையில நீங்க கேட்ட கேள்விக்கு வாயால பதில் சொன்னா பாதியில எந்திரிச்சுப் போயிருவீங்க. அதான் எழுதுறேன். நம்ம மலேசியாவுல கறி எந்த நாட்டுதுன்னு கட்டாயம் எழுதி வைக்கணும்னு சட்டம் வரும்ங்கிறாங்களே, வந்தா ஜனங்க என்ன சொல்வாங்க, யாவாரம் படுக்குமான்னு கேட்டீங்க.

படுக்காது. ஜனங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். யாரும் சொல்றதுக்கு முன்னாடியே நான் எழுதி வச்சவன்.

கொள்கை எல்லாம் இல்ல. ஆளாளுக்கு ‘இது எங்கேருந்து வருது’ன்னு கேட்டாங்க. பதில் சொல்லி வாய் வலிச்சுது. மூணு தட்டு இருந்துச்சு, மூணு அட்டை எழுதிக் குத்துனேன். ஆஸ்திரேலியா. இந்தியா. உள்ளூர்.

முதல்ல வந்தது ஒரு டீச்சர்.

“ஐயே, இந்தியாவா? இவ்வளவு நாளா எனக்கு இதத்தான் குடுத்தீங்களா?”

“நீங்க கை காட்டுன தட்டு டீச்சர்.”

“எனக்குத் தெரியாதே!”

“நல்லா இருந்துச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சு. இனிமே எப்படி இருக்கும்?”

கட்டியிருந்த சேலை இந்தியா. பையில இருந்த மசாலா பாக்கெட்டு இந்தியா. கத்தி கையில இருக்கிறவன் பேச்ச வளர்க்கக் கூடாது.

அடுத்து ஒருத்தர், டவுன்ல வீடு. அட்டையப் பார்த்துட்டு என் கையப் பிடிச்சுக் குலுக்கினார். “இதுதான்யா நேர்மை. ஜனங்களுக்குத் தெரியணும்லா. நம்ம பொருள நாமதான் வாங்கணும். உள்ளூர் எவ்வளவு?”

சொன்னேன்.

கைய விட்டார். கொஞ்ச நேரம் மலையப் பார்த்தார். “ஆஸ்திரேலியா போடுங்க. ஆனா அட்டைய எடுத்துராதீங்க, என்ன? நல்ல காரியம்.”

தம்பிகளா, பொது ஜனங்களோட கருத்துன்னா அதுதான். அட்டை வேணும். ரொம்ப வேணும். அட்டைய வாசிச்சுட்டு மலிவான தட்டுல கை வைக்கணும்.

கீழ ஈப்போ டவுன்லேருந்து கார்ல ஒரு குடும்பம் வந்துச்சு. உள்ளூர்னு எழுதியிருந்தது பிடிச்சிருச்சு.

“அங்கிள், இது டீ எஸ்டேட் ஆடா? தேயிலை சாப்பிடுமா?”

“சாப்பிடாது.”

“கொஞ்சம் கூடவா?”

“ஆடு தேயிலையத் தின்னா தோட்டத்துல தேயிலை இருக்குமாம்மா?”

வாங்காமப் போயிட்டாங்க. பக்கத்துக் கடைக்காரன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னான். சாயங்காலம் அவன் கடையில ஒரு அட்டை தொங்குச்சு, ‘மலைத் தேயிலைத் தோட்டத்து ஆடு’ன்னு. மறுநாள் மத்தியானத்துக்குள்ள தட்டு காலி. அவன் ஆடும் என் ஆடும் ஒரே லாரியில வந்ததுங்க.

“பொய் எழுதலண்ணே,” என்னான். “லாரி தோட்டம் வழியாத்தானே வந்துச்சு?”

இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் சட்டம். ஆனா சட்டம் வந்தாலும் மொதல்ல பெரிய அட்டை அடிக்கிறது அவன்தான்.

இனிமேதான் விஷயம். குமரன்னு ஒரு பையன், டவுன்ல ஆபிஸ் வேலை. எங்க தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குச் செயலாளர். நல்ல பையன். படிச்சவன், ஆனா லைன் வீட்டுக்கு வந்தா செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள வருவான். இந்த அட்டைச் சமாசாரத்துல அவனுக்கு வேகம் வந்துருச்சு. பயனீட்டாளர் கூட்டம், அதான் வாங்கிச் சாப்பிடுறவங்க கூட்டம்னு தானா ராத்தா டவுன்ல ஒரு மண்டபத்துல ஏற்பாடு பண்ணான். என்னையும் கூட்டிட்டுப் போய் முன்னால உக்கார வச்சான். நான் குளிருக்கு முண்டாசு கட்டியிருந்தேன்.

மைக் பிடிச்சவர் கேட்டார். “இறைச்சி எந்த நாட்டுதுன்னு கட்டாயம் எழுதணும்ங்கிறவங்க கை தூக்குங்க!”

மண்டபம் பூரா கை.

“அதுக்காக விலை கொஞ்சம் ஏறினா சம்மதமா?”

கை எல்லாம் எறங்கிருச்சு. ஒண்ணு மட்டும் நின்னுச்சு. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அந்த ஆளு ஜன்னலச் சாத்தச் சொல்றதுக்குத் தூக்கியிருந்தார்.

அப்புறம் சாப்பாடு. கறிக்குழம்பு. எந்த நாடுன்னு யாரும் கேக்கல. எலும்பு கம்மியா இருக்குன்னுதான் சண்டை.

குமரன் மட்டும் சூடு ஆறாம வந்தான். வந்த வேகத்துல கோயில் கமிட்டியில தீர்மானம் போட்டான். ஆடிப் பூசைக்கு நேர்ந்து விடுற ஆடு உள்ளூர் ஆடா இருக்கணும். எங்க பொறந்ததுன்னு சொல்லணும். கமிட்டித் தலைவர் எங்க தோட்டத்துக் கங்காணி. அவர் எதுக்கும் தலையாட்டுவார். ஆட்டினார். மத்தவங்களும் கை தூக்குனாங்க. மண்டபத்துல தூக்கிப் பழகுன கை.

அந்த வருஷம் ஆடு நேர்ந்திருந்தது ஒரே ஒரு ஆளு. அஞ்சலை அக்கா.

அவங்களப் பத்திச் சொல்லணும். இந்தத் தோட்டத்து லைன் வீட்டுலதான் பொறந்தாங்க. ஆஸ்பத்திரி இல்ல, பாய்ல பொறப்பு. அப்பா பதிவு பண்ணாம விட்டுட்டார். அதனால ஆயுசு பூரா சிவப்பு ஐசி, சிவப்பு அடையாள அட்டை. உங்கள்ல சில பேருக்குத் தெரியாது. நீல ஐசின்னா இந்த நாட்டு ஆளு. சிவப்புன்னா இங்க இருந்துக்கலாம், ஆனா இந்த நாட்டு ஆளு இல்ல. கொழுந்து எடுக்கலாம். ஓட்டுப் போட முடியாது. அக்கா அதே மலையில கொழுந்து எடுத்து, கல்யாணம் கட்டி, புருஷனப் புதைச்சு, பேரப்பிள்ளை எடுத்தாச்சு. சிவப்பு மாறல. பதிவு ஆபிஸுக்குப் போவாங்க, உக்காருவாங்க, ஆபிஸ்காரங்க ‘இன்னும் வரல’ம்பாங்க, அக்கா திரும்பி வருவாங்க. கார்ல ஏத்திக்கிட்டு அலைஞ்சது யாருன்னு நினைக்கிறீங்க? குமரன்தான்.

முனியாண்டிகிட்ட அக்கா வேண்டிக்கிட்டாங்க. நீலம் வந்தா கருப்புக் கிடா.

வந்துச்சு.

மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்துட்டாங்க. நீல அட்டைய முந்தானையில முடிஞ்சிருந்தாங்க. எடுத்துக் காட்டல. முடிச்சத் தொட்டுக் காட்டினாங்க.

“தம்பி, கருப்புக் கிடா ஒண்ணு. ஒரு மயிர் வெள்ளை இருக்கக் கூடாது. சாமிக்குக் கடன் வச்சா எனக்குத் தூக்கம் வராது.”

ஆடி மாசம். மலைக்குக் கீழ இருக்கிற கோயில் எல்லாம் கருப்பு ஆட்டத் தேடுது. உள்ளூர்ல முழுக் கருப்பு எங்கேயும் இல்ல. நெத்தியில பொட்டு, கால்ல சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை, இப்படித்தான் கிடைச்சுது. கடைசியா இதே மலையில கோலா தெர்லா ஊர்ல காய்கறித் தோட்டம் வச்சிருக்கிற மணியம்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. நல்ல கிடா. கரி மாதிரி. காதுல மட்டும் ஒரு மஞ்சள் தோடு, பிளாஸ்டிக்.

“எங்க பொறந்தது?” என்னேன்.

“ஆஸ்திரேலியா,” என்னான் மணியம். “ப்ளேன்ல வந்தது. நம்ம முட்டைக்கோஸ் இலையத் தின்னுதான் இந்த உடம்பு. நாலஞ்சு மாசமாச்சு. இப்ப தமிழ்ல திட்டுனாத்தான் நகருது.”

அக்காகிட்ட உள்ளதச் சொன்னேன். கிடாவ ஒரு சுத்து சுத்தி வந்து பார்த்தாங்க.

“ப்ளேன்லயா வந்துச்சு?”

“ஆமாக்கா.”

“நான் இன்னும் ஏறல.” கிடாவோட காதுத் தோட்டத் தொட்டுப் பார்த்தாங்க. “சரி, ஓட்டிட்டு வா.”

பூசை அன்னைக்குக் கோயில்ல நல்ல கூட்டம். கேஎல், அதான் கோலாலம்பூர்லேருந்து பிள்ளைங்க எல்லாம் வந்திருந்தாங்க. சோத்து அண்டா ஒரு பக்கம் கொதிக்குது. நான் கிடாவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். குமரன் வந்தான். கிடா காதுத் தோட்டப் பார்த்தான். முகம் விழுந்துருச்சு.

என்னைத் தனியாக் கூப்பிட்டான். “அண்ணே, இது கோலா தெர்லா ஆடுதானே?”

“கோலா தெர்லாவுலேருந்துதான் ஓட்டிட்டு வந்தேன்.”

“பொறந்தது?”

இந்த இடத்துல நில்லுங்க தம்பிகளா. இதுதான் நம்ம தொழில்ல வர்ற சங்கடம். கங்காணி அவன் பின்னால நின்னுக்கிட்டு எனக்குக் கண்ணக் காட்டுறார். ‘உள்ளூர்னு சொல்லிரு, முடிஞ்சிரும்’ங்கிறார். ஒரு வார்த்தை. அக்காவோட நேர்த்திக்கடன் அந்த ஒரு வார்த்தையில தொங்குது. காதுத் தோட்ட அறுத்துட்டு வந்திருந்தா இந்தக் கேள்வியே இல்ல. பக்கத்துக் கடைக்காரனா இருந்தா ‘முனியாண்டி மலை ஆடு’ன்னு மாலையே போட்டுக் கூட்டிட்டு வந்திருப்பான்.

அக்காவப் பார்த்தேன். அவங்க என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. லேசா தலைய ஆட்டினாங்க. ‘வேணாம்’.

“ஆஸ்திரேலியா,” என்னேன்.

கூட்டத்துல ஒரு சலசலப்பு. கேஎல்லேருந்து வந்த ஒரு தம்பி சத்தமா சொன்னான். “அது எப்படி? நம்ம சாமிக்கு இம்போர்ட்டா? நம்ம கல்சர் என்ன ஆகுறது?” அவன் கையில சாமிக்கு வைக்கக் கொண்டாந்த பாட்டில் இருந்துச்சு. ஸ்காட்லாந்து.

ஒரு கிழவர் விடல. “டேய், சாமிக்கு வச்சிருக்கிற சுருட்டு எந்த ஊரு? சிலை செஞ்சவன் எந்த ஊரு? நாலு மாச விசாவுல வந்துதானே செஞ்சுட்டுப் போனான்?”

“சிலை வேற, கறி வேற தாத்தா. கறி நாம சாப்பிடுறது.”

“அப்ப சாமி பேரச் சொல்லாத. உன் வயித்துப் பேரச் சொல்லு.”

கங்காணி நடுவுல வந்தார். அவருக்குச் சண்டை ஆகாது. “இருங்கப்பா. பொறந்த ஊரு எதுக்கு? வளர்ந்த ஊரு போட்டுக்குவோம். நாலஞ்சு மாசம் இங்க தின்னுருக்கு, இங்க குடிச்சிருக்கு. உள்ளூர் ஆடுதான். என்ன குமரா?”

குமரன் யோசிச்சான். அவனுக்கும் தப்பிக்க வழி வேணும். “அப்படிப் போட்டுக்கலாம் போல...”

அப்பத்தான் அஞ்சலை அக்கா வாயத் திறந்தாங்க. சத்தம் போடல.

“நாலஞ்சு மாசத்துல மாத்திட்டீங்களா? ஒரு ஆபிஸுக்கும் போகலையே அது.”

அக்கா கிடா முதுகத் தடவுனாங்க.

“அது அங்க பொறந்தது. அதுல வெக்கம் என்ன? எனக்காக அத மாத்தாதீங்க. பொறந்த இடத்த இல்லைன்னு சொன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சாமி வேணும்னா வாங்கிக்கட்டும். வேணாம்னா ஓட்டிட்டுப் போறேன்.”

“அக்கா, தீர்மானம்...” என்னான் குமரன்.

“சாமியக் கேளு.”

கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. கிடா தலையில மஞ்சத் தண்ணி தெளிக்கணும். அது உடம்பச் சிலுப்புனா சாமி சம்மதம். சிலுப்பாம நின்னா வெட்டக் கூடாது. குமரன் உடனே ஒத்துக்கிட்டான். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

பூசாரி தெளிச்சார். கிடா நின்னுச்சு.

மறுபடி தெளிச்சார். காத மட்டும் ஆட்டுச்சு. தோடு ஆடுச்சு.

மூணாவது தடவையும் தெளிச்சார். வாய்க்குப் பக்கத்துல வழிஞ்சத நக்கிக்கிட்டு அசையாம நின்னுச்சு.

“பார்த்தீங்களா!” என்னான் கேஎல் தம்பி. “வெளிநாட்டு ஆடு. சாமி வேணாங்கிறார்.”

“அதுக்கு நம்ம பழக்கம் தெரியலடா,” என்னார் இன்னொருத்தர். “அங்கெல்லாம் தண்ணி தெளிச்சா சும்மா நிக்கணும் போல.”

“தோட்டக் கழட்டிட்டுத் தெளிச்சுப் பார்ப்போமா?”

அக்கா முகத்த நான் பார்க்கல. பார்க்க முடியல. ஆயுசு பூரா காத்திருந்து கிடைச்ச ஒண்ணுக்கு நன்றி சொல்ல வந்தவங்க. அதையும் ‘இல்ல’ன்னு திருப்பி அனுப்பப் போறாங்க. ஒரு உலுக்கு உலுக்குனா கிடா தானா சிலுப்பும். கயிறு என் கையில. யாருக்கும் தெரியாது.

கயித்த அக்கா கையில குடுத்துட்டு நகர்ந்து நின்னேன். வேற எதுவும் தோணல.

அக்கா வாங்கிக்கிட்டாங்க. கிடா பக்கத்துல தரையில உக்கார்ந்தாங்க.

“என்னக்கா?” என்னான் குமரன்.

“இன்னும் வரலைன்னுதானே சொல்றீங்க? உக்கார்றேன். எனக்குப் பழக்கம்.”

கிடாவும் நின்னுச்சு. அக்காவும் உக்கார்ந்தாங்க. பூசாரி சொம்ப வச்சுக்கிட்டு நின்னார். நேரம் போச்சு. சோறு வெந்துருச்சு. சமையல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “என்ன, இன்னும் நாட்டப் பத்தியா பேசுறீங்க? மசாலா வதங்கிப் போச்சு, கறி எங்க?”

பிள்ளைங்க அழ ஆரம்பிச்சுது. கேஎல் தம்பி கடிகாரத்தப் பார்த்தான். “ஆக்சுவலி, ஆஸ்திரேலியா ஆடு நல்ல ஆடுதான். ஹைஜீன் இருக்கும்,” என்னான். பக்கத்துல இருந்தவர், “சாமிக்கு எல்லா நாடும் ஒண்ணுதானப்பா,” என்னார். காலையில ‘நம்ம கல்சர்’னு கத்துனதுக்குக் கை தட்டுனவர் அவர்.

மேல மலையிலேருந்து மூடுபனி எறங்குச்சு. பின்னாலயே சாரல். நம்ம ஊர்ல மத்தியானத்துல வர்றதுதான். ஜனங்க தகரக் கூரைக்குக் கீழ ஓடுனாங்க. அக்கா எந்திரிக்கல. கிடா முதுகுல மழை விழுந்துச்சு. நல்லா நனைஞ்சுது. அப்புறம் தலையிலேருந்து வாலு வரைக்கும் ஒரு சிலுப்பு. தண்ணி பூசாரி மூஞ்சியில அடிச்சுது.

கூரைக்குக் கீழ ஒரே கூச்சல். “குடுத்துட்டார்! சாமி குடுத்துட்டார்!”

“மழையில சிலுப்புனா...” என்னான் குமரன்.

“நீ போடா அந்தாண்ட!” ஒரே குரல்ல சொன்னாங்க. தீர்மானத்துக்குக் கை தூக்குனவங்கதான்.

குமரன் சுத்தி முத்திப் பார்த்தான். அப்புறம் சிரிச்சுட்டான். அதுக்குத்தான் நல்ல பையன்னு சொன்னேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்ச வேலை. விடுறேன். ஒண்ணு மட்டும். கறி ரொம்ப நல்ல கறி. தீர்மானம் போட்டவங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க.

சாப்பாட்டுக்கு முன்னாடி உபயம் குடுத்தவங்க பேர மைக்ல வாசிக்கிறது வழக்கம். குமரன் வாசிச்சான். அரிசி இன்னார். பூ இன்னார். கிடான்னு வந்ததும் நிறுத்திட்டான். எனக்குப் பக்கத்துல நின்ன அக்காவப் பார்த்தான். எப்படி வாசிக்கட்டும்னு கண்ணாலயே கேட்டான்.

“உள்ளபடி வாசி,” என்னாங்க அக்கா.

குமரன் தொண்டையச் செருமிக்கிட்டான்.

“கருப்புக் கிடா ஒன்று. நாடு, ஆஸ்திரேலியா. உபயம், திருமதி அஞ்சலை. நாடு...” அங்க அக்காவ நிமிர்ந்து பார்த்தான். “நாடு, மலேசியா.”

ஸ்பீக்கர் நாலு பக்கமும் கட்டியிருந்துச்சு. தேயிலைச் சரிவு பூரா கேட்டிருக்கும். யாரும் கை தட்டல. எல்லாருக்கும் பசி, இலை போட்டாச்சு.

அக்கா முந்தானை முடிச்சப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. கண்ணத் துடைக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு என் சட்டையத் தொட்டு இழுத்தாங்க.

“தம்பி, இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லு. அந்தப் பக்கம் கேட்டிருக்காது.”

போய்ச் சொன்னேன். குமரன் இன்னொரு தடவை வாசிச்சான்.